மரகதத்துக்கு மாப்பிள்ளை தேடிக் கல்லாறு வரை

ரயிலில் எங்களுக்கு மூன்று இருக்கைகள். ஒன்று எனக்கு, ஒன்று என் வீட்டுக்காரர் செல்வராஜுக்கு, ஜன்னலோரத்து இருக்கை மரகதத்துக்கு. மரகதம் ஒரு செடி.

குடுவைச் செடி. இலையின் நுனி கொடிபோல நீண்டு இறங்கி, அதன் முனையில் மூடி போட்ட குடுவை ஒன்று தொங்கும். குடுவைக்குள் கொழகொழவென்று நீர். விளிம்பில் சுரக்கும் தேனுக்கு ஆசைப்பட்டு வரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழும். செடி அவற்றை மெல்லச் செரித்துக்கொள்ளும். போர்னியோ தீவின் மழைக்காட்டில் இருக்க வேண்டியது விருதுநகரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. எங்கள் ஊரில் காற்றில் ஈரம் உள்ள ஒரே இடம் அதுதான். வீட்டுக்காரர் குளிக்கும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கூச்சமாக இருக்கிறதாம்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊட்டி, பெங்களூரு என்று நர்சரி நர்சரியாகத் தேடி வாங்கிய குடுவைச் செடிகள் என்னிடம் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. எல்லாம் வாங்கியவை. ஒன்றாவது என் கையால் விதை போட்டு முளைத்ததாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கு ஒரு சிக்கல். இந்தச் செடிகளில் ஆண் தனி, பெண் தனி. பூக்கும்வரை எது என்ன என்று கடவுளுக்குத்தான் தெரியும். காலாண்டுப் பரீட்சை நேரத்தில் மரகதம் முதல்முறையாகப் பூத்தண்டு விட்டாள். பெண். விதை வேண்டுமென்றால் அதே வாரத்தில் எங்காவது ஓர் ஆண் செடியும் பூத்திருக்க வேண்டும். பெண் பூவில் மகரந்தம் ஒட்டும் பசை சில நாட்கள்தான் இருக்கும். காய்ந்துவிட்டால், அடுத்து எப்போது பூக்குமோ, பூக்குமோ பூக்காதோ.

குடுவைச் செடி வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் ஒப்பாரி வைத்தேன். சேலத்துக்காரரின் ஆண் பூ ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. திருவனந்தபுரம் கரமனையிலிருந்து மகாதேவன் என்பவர் ஒரு படம் போட்டார். தளதளவென்று ஆண் பூத்தண்டு. மகரந்தத்தைத் தபாலில் அனுப்புவீர்களா என்று கேட்டேன். உடனே போன் வந்தது.

"கூரியர்காரன் கையில குடுத்துக் கொல்றதுக்கா நான் இதை வளர்த்தேன்? மகரந்தம் வெயில் தாங்காது, கேட்டேளா. பொண்ணை இங்க கூட்டிண்டு வாங்கோ."

வீட்டுக்காரர் முதலில் முடியாது என்றார். திருவனந்தபுரத்தில் போளியைப் பால் பாயசத்தில் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவார்கள் என்று நான் சொன்னதும் பெட்டியை எடுத்தார்.

மரகதத்தின் குடுவைகளில் உள்ள நீர் வழியில் சிந்தாமலிருக்க ஒவ்வொரு வாயிலும் பஞ்சு அடைத்திருந்தேன். டிக்கெட் பரிசோதகர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "மரகதம் எங்கம்மா?" என்றார்.

"இந்தா இருக்காங்க" என்றார் வீட்டுக்காரர், தொட்டியைக் காட்டி.

பரிசோதகர் செடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் செடியைப் பார்த்தார். "செடிக்கெல்லாம் சீட்டு கிடையாதுங்க. அது லக்கேஜ்" என்று சொல்லி, இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த ஒரு பெரிய உடம்புக்காரரை அந்த இடத்தில் உட்காரச் சொன்னார். அவர் களியக்காவிளைக்குப் போகிறவர். பாவம், தொட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டுதான் அவரால் உட்கார முடிந்தது. பூத்தண்டு சரியாக அவர் மூக்குக்கு நேரே நின்றது.

"இது மஞ்சக்காமாலைக்குக் கேக்குமா?" என்றார்.

"கேக்காதுங்க. இது பூச்சி தின்னும்."

அதன்பிறகு வழி முழுக்க அவர் கைகளை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளெல்லாம் பேய் பிடித்ததுபோலச் சுற்றின. ஜன்னலை இறக்குவதற்குள் உள்ளே புகுந்த காற்று இரண்டு குடுவைகளின் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒன்று எதிர் இருக்கை அம்மாளின் இட்லிப் பொட்டலத்தில் இறங்கியது. அவர் அதைப் பிய்த்துச் சட்னியில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் நான் கவனித்தேன். கத்தினேன். அந்த அம்மாள் பஞ்சைப் பார்த்துவிட்டு, "நானும் நம்ம கடைக்காரன் இன்னைக்கு மெத்துன்னு ஊத்தியிருக்கானேன்னு பாத்தேன்" என்றார்.

திருவனந்தபுரத்தில் இறங்கியபோது மழை விட்டு வெறும் ஈரம் மட்டும் காற்றில் நின்றது. எங்கள் ஊரில் மூச்சு விட்டால் தொண்டை காயும். இங்கே மூச்சை இழுத்தால் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கிறது. மரகதத்தின் இலைகள் நிமிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்காரர் அது என் கற்பனை என்றார். ஆட்டோக்காரர் கேட்காமலே மீட்டரைப் போட்டார். அது தன் கற்பனையோ என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஆட்டோ நேரே கரமனைக்குப் போகவில்லை. வழியில் ஒரு சாயாக்கடையில் நிறுத்தி, ஓட்டுநர் தன் சிநேகிதர்களைக் கூப்பிட்டுச் செடியைக் காட்டினார். அவர்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்.

"இது ஆளைப் பிடிக்குமா?"

"இங்கே பிடிக்காது. தமிழ்நாட்டில் பிடிக்கும்."

கரமனை அக்ரஹாரத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ரயில் பெட்டிபோல உள்ளே நீண்டுகொண்டே போயின. வாசலில் காத்திருந்த மகாதேவன் எழுபதை ஒட்டியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களை வாங்க என்றுகூடச் சொல்லாமல் குனிந்து மரகதத்தைப் பார்த்தார். பூத்தண்டின் ஒவ்வொரு மொட்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "லட்சணமா இருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினார்.

பின்கட்டில் கிணற்றைச் சுற்றி அவருடைய செடிகள் தொங்கின. பார்த்ததும் திகைத்துப் போனேன். எல்லாக் குடுவைகளின் வாயிலும் பஞ்சு. இவரும் எங்கேயாவது பயணம் கிளம்புகிறாரோ?

அவர் மனைவி லலிதா மாமி கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார். மரகதத்தின் பஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஒங்காத்திலயும் ஏகாதசியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகாதேவன் சங்கடமாக விளக்கினார். முட்டைகூட உள்ளே வராத வீடு. பூச்சி தின்னும் செடியைக் கொண்டுவந்தபோது மாமி வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஏகாதசியன்று செடிகளும் விரதம் இருக்க வேண்டும். அதனால் மாதம் இரண்டு தடவை அவர் விடிந்ததும் எழுந்து எல்லா வாய்க்கும் பஞ்சு அடைக்கிறார், மறுநாள் எடுக்கிறார்.

"ஆனா ஆண் செடிக்கு அடைக்கறதில்லை" என்றார் மாமி. "அது சைவமாக்கும்."

அது உண்மைதான். அவருடைய ஆண் செடி ஆம்புல்லாரியா என்னும் வகை. தவளைக்குட்டிகள்போலக் குண்டு குண்டாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் அதன் குடுவைகள் மேலிருந்து உதிரும் சருகுகளைத்தான் பெரும்பாலும் செரிக்கின்றன. மாமியின் மனத்தில் இடம் பிடித்த ஒரே செடி அது.

அன்று ஏகாதசி என்பதன் முழு அர்த்தம் வீட்டுக்காரருக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அரிசி கிடையாது. கோதுமைரவை உப்புமா, ஒரு நேந்திரம்பழம். டம்ளரில் இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர். சர்பத் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்த வீட்டுக்காரர், இனிப்பு வரும் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"போளி?" என்று என் காதில் கேட்டார்.

"நாளைக்கு."

சாப்பிட்டு எழுந்ததும் மகாதேவன் என்னை ஆண் செடியிடம் அழைத்துப் போனார். அலுமினியத் தாள், சின்னத் தூரிகை எல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தார். துளசி மாடத்துக்குப் பின்னால் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"லலிதா!"

அக்கம்பக்கத்து நான்கு வீடுகளிலும் கேட்டிருக்கும். பூத்தண்டு இருந்த இடத்தில் சுத்தமாக நறுக்கப்பட்ட ஒரு முளை மட்டும் இருந்தது.

"எந்தாக்கும் இப்படிக் கத்தறேள்?" என்று வந்தார் மாமி. "அந்தப் பூவா? காத்தாலே வெட்டிக் களைஞ்சேன். சாயங்காலம் பாராயணத்துக்கு மாமிகள்லாம் வரா. எலி செத்த மாதிரி ஒரு நாத்தம். செடியை நான் தொடலையே, பூவைத்தானே எடுத்தேன்?"

"பூவுக்காகத்தானே இவா விருதுநகர்லேந்து வந்திருக்கா!"

"நான் அறிஞ்சேனா? பொண்ணு பாக்க வரான்னேள். செடியைப் பாக்க வராளாக்கும்னு நெனச்சேன். பூவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேளா?"

சமையல் கழிவை உரமாக்கும் மண்பானைகள் பின்வாசலில் இருந்தன. மகாதேவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானைக்குள் கையை விட்டார். பூசணித் தோல், தேங்காய் நார், முருங்கைச் சக்கை என்று ஒவ்வொன்றாக வந்தது. என் வீட்டுக்காரரும் பக்கத்துப் பானையில் இறங்கினார். கடைசியில் பூத்தண்டு கிடைத்தது. அதன் மேல் மாமி முறைப்படி நார்க்கழிவுப் பொடி தூவி, மோர் ஊற்றிக் கிளறியும் விட்டிருந்தார். மகரந்தம் சேறாகியிருந்தது.

எனக்கு அழுகை முட்டியது. ஒரு செடிக்காக ஊர்விட்டு ஊர் வந்து அடுத்தவர் வீட்டில் நின்று அழுவதா? மாடி அறைக்குப் போய் மரகதத்தின் எதிரில் உட்கார்ந்தேன். அவள் பூக்கள் ஒவ்வொன்றிலும் பசை பளபளத்தது. நாளை மறுநாள் வரை தாங்கினால் பெரிது.

பாராயணம் முடிந்ததும் மாமி காப்பியோடு மாடிக்கு வந்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"நான் பண்ணினது தப்பாக்கும். ஆனா நாத்தம் நாத்தம்தான்" என்றார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேற ஒரு எடம் இருக்கு. மாமா சொல்ல மாட்டார்."

தன் போனை எடுத்துக் காட்டினார். கல்லாற்றில் நர்சரி வைத்திருக்கும் ஷைலஜா என்பவரின் இணையப் பக்கம். அன்று காலை போட்ட படத்தில் ஓர் ஆண் செடி, பூத்தண்டு முழுக்க மஞ்சள் மகரந்தத்தோடு நின்றது.

"தினமும் என் போனை வாங்கி இவ படத்தைத்தான் பாத்துண்டிருக்கார். அவர் போன்ல பாத்தா அவளுக்குத் தெரிஞ்சுடுமாம். நேர்ல பேச்சு கிடையாது. ஒரு பூக்கண்காட்சியில அவ எழுதி வெச்ச லேபிளைப் பத்துப் பேர் பாக்கப் பேனாவால திருத்திட்டார். அப்புறம் அந்தச் செடி வளர்ந்தப்போதான் அவ எழுதினது சரின்னு தெரிஞ்சுது. இதுவரைக்கும் இவர் போய்ச் சொல்லலை."

மறுநாள் துவாதசி. காலையிலேயே இலை போட்டுவிட்டார்கள். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, எரிசேரி, கடைசியில் அந்தப் போளியும் பால் பாயசமும். மாமி குற்ற உணர்ச்சியில் பரிமாறிக்கொண்டே இருந்தார், வீட்டுக்காரர் மரியாதைக்காகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவையே அசராமல் அடுக்குபவர், எழுந்திருக்கத் தூணைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

மகாதேவனின் காரில் கல்லாற்றுக்குக் கிளம்பினோம். மாமி அதட்டிய அதட்டலில் அவர் மறுக்கவில்லை. முன்னால் ஆண்கள், பின்னால் மாமியும் நானும். எங்கள் மடிமீது குறுக்காக மரகதம். வெயில் படாமலிருக்க மாமி தன் ஈரத் துண்டு ஒன்றை அவள்மேல் போர்த்தினார். நெடுமங்காடு தாண்டி மழை பிடித்துக்கொண்டது. காரின் தண்ணீர் துடைப்பான் ஓட்டுநர் பக்கம் வேலை செய்யவில்லை, பக்கத்து இருக்கைப் பக்கம் மட்டும்தான் செய்தது. அதனால் வீட்டுக்காரர் பாதையைப் பார்த்து, "வளைவு, வளைவு, மாடு, பஸ்" என்று சொல்லச் சொல்ல மகாதேவன் ஓட்டினார்.

கல்லாறு வந்தது. ஆற்றோரம் சின்னச் சின்னக் கடைகள், சோதனைச் சாவடி, அதன் பக்கத்தில் நர்சரிப் பலகை. கார் நிற்கவில்லை. சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தது. முதல் கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது, மூன்றாவது. மரகதம் என் மடியிலிருந்து மாமியின் மடிக்கும், அங்கிருந்து என் மடிக்கும் சரிந்தாள். முன் இருக்கையில் பாயசம் அசைவது எனக்கே கேட்டது.

"நர்சரி எங்க?" என்றார் மாமி.

"இன்னும் மேலே போணும்."

"பொன்முடிக்குன்னா போறேள்! நர்சரி சாவடிகிட்டன்னு அவ பக்கத்துலயே போட்டிருக்கே!"

"மழையில தெரியலை."

"வண்டியை நிறுத்துங்க" என்றார் வீட்டுக்காரர். மாமிக்குப் பரிந்து சொன்னார் என்று நினைத்தேன். கதவைத் திறந்துகொண்டு ஓடினார். துவாதசிச் சாப்பாடு முழுவதையும் தேயிலைச் செடிகளுக்கு வைத்துவிட்டு வந்தார். "போளி மட்டும் உள்ள நின்னுருச்சு" என்று என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்.

திரும்பி இறங்கியபோதுதான் வினை வந்தது. மேலே போகிறவர்களிடம் சாவடியில் சீட்டுதான் கேட்பார்கள். கீழே வருகிறவர்களின் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள், காட்டிலிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டு வருகிறார்களா என்று. வனக் காவலர் ஜன்னலில் குனிந்தார். ஈரத் துண்டு போர்த்திய உருவம் ஒன்று எங்கள் மடியில் படுத்திருந்தது. துண்டை விலக்கினார். ஒரு குடுவை எட்டி அவர் மணிக்கட்டில் இடித்தது. துள்ளி விலகினார்.

பிறகு மலையாளத்தில் நீளமாகப் பேசினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நீளமாக.

"என்ன சொல்றார்?" என்று மாமியிடம் கேட்டேன்.

"எங்கேந்து பிடுங்கினேள்ங்கறார்."

"விருதுநகர்ல எங்க வீட்டுச் செடின்னு சொல்லுங்க."

மாமி சொன்னார். காவலர் சிரித்துவிட்டு மறுபடியும் நீளமாகப் பேசினார்.

"விருதுநகர்ல முள்ளு மட்டும்தானே வளரும்ங்கறார்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போனை எடுத்து மரகதத்தின் பழைய படங்களைக் காட்டினேன். சின்னச் செடியாக, முதல் குடுவையோடு, புதுத் தொட்டியில். அவசரத்தில் விரல் ஒன்றைக் கூடுதலாகத் தள்ளிவிட்டது. குளியலறை, மரகதம், பக்கத்தில் இடுப்பில் துண்டோடு, தலையில் சோப்பு நுரையோடு என் வீட்டுக்காரர். காவலர் படத்தைப் பார்த்தார், முன் இருக்கையைப் பார்த்தார், இன்னொரு காவலரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் விடவில்லை. "குளியலறை பொன்முடி விடுதியிலும் இருக்கும்ங்கறார்" என்றார் மாமி. "செடி தெரிஞ்சவா யாராவது வந்து சொல்லட்டுமாம். பக்கத்து நர்சரிக்கு ஆளனுப்பறாராம்."

மகாதேவன் இருக்கையில் மெல்லக் கீழே இறங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் வழுக்கையின் உச்சி மட்டும் தெரிந்தது.

ஷைலஜா குடையோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கை நிறைய மண். நாகர்கோவில் வாடிக்கையாளர்கள் வருவதால் தமிழ் பேசினார். மரகதத்தைப் பார்த்ததும் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. இலையைத் தடவினார், அடித்தண்டைப் பார்த்தார், தொட்டி மண்ணைக் கிள்ளினார்.

"இது காட்டுச் செடி இல்ல கேட்டோ. இந்த ஜாதி நம்ம கேரளத்துக் காட்டுல கிடையாது. தொட்டியில வளர்ந்தது. நல்லா வளர்த்திருக்கு. செடியை விடலாம்" என்று காவலருக்கும் எனக்குமாகச் சொன்னார். பிறகு முன் ஜன்னல் வழியாக அந்த வழுக்கையைப் பார்த்தார். "ஆனா இந்த ஆளை எனக்குத் தெரியாது. இவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

காவலர் குழம்பிப் போனார். செடி நல்ல செடி, ஆள்தான் சந்தேகம் என்றால் என்ன செய்வது என்று அவர்கள் விதிமுறையில் இல்லைபோல. பின்னால் ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இரண்டு ஜீப்புகள்.

"சொல்லுங்கோளேன்" என்றார் மாமி, இருக்கையின் முதுகில் ஒரு குத்து குத்தி.

மகாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹாரன் அலறியது.

"லேபிள்..." என்றார்.

"கேக்கலை" என்றார் ஷைலஜா.

"நீ எழுதின லேபிள்தான் சரி! நான் திருத்தினது தப்பு! போருமா?"

மழையில், பஸ் முழுக்க ஆட்கள் எட்டிப் பார்க்க, அது மலைக்கே கேட்டது. ஷைலஜா குடையைச் சாய்த்துக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். "உள்ள வாங்க சார். நனையாதீங்க" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல.

நர்சரியின் முன்பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கான ஆந்தூரியமும் ஆர்க்கிடும். பின்பக்கம் ஆற்றைப் பார்த்த பசுமைக் குடிலில் குடுவைச் செடிகள். மகாதேவன் உள்ளே நுழைந்ததும் விரோதமெல்லாம் மறந்து கோவிலில் நிற்பதுபோல நின்றார். ஆண் செடி நடுவில் இருந்தது. அதன் ஒவ்வொரு குடுவையிலும் மூடிக்குக் கீழே இரண்டு கூர்மையான கோரைப்பற்கள்.

"அய்யோ, பல்லெல்லாம் இருக்கே!" என்றார் மாமி. "இவன் சைவமா?"

"அல்ல" என்றார் ஷைலஜா.

மாமி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "நம்மாத்துப் பையனைத்தான் நானே வெட்டிட்டேனே" என்று பெருமூச்சு விட்டார். "போறது. பொண்ணுக்குப் பிடிச்சா சரி."

ஷைலஜா பூத்தண்டை அலுமினியத் தாளின் மேல் மெல்லத் தட்டினார். மஞ்சள்தூள் மாதிரி ஒரு சிட்டிகை மகரந்தம் விழுந்தது. இனி அதை மரகதத்தின் பசைமேல், ஒவ்வொரு பூவாக, உதிராமல் ஒற்ற வேண்டும். தூரிகையை எடுத்தேன். முதல் பூவின் பசையில் தூரிகை ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பூவிலேயே மகரந்தம் தரையில் விழுந்தது. மகாதேவனின் கண்ணாடியில் குடிலின் ஆவி படிந்து அவருக்குச் செடியே தெரியவில்லை. "அடுத்தவங்க செடியை நான் தொட மாட்டேன். காய் பிடிக்கலைன்னா என் பேருல ஆகும்" என்று ஷைலஜா கையைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்காரருக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்தது. அவரை ஆற்றங்கரைக்குத் துரத்தினோம்.

"கொண்டா" என்றார் மாமி.

தூரிகையை வேண்டாமென்று தள்ளிவிட்டு, கைப்பையிலிருந்து காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்தார். மகரந்தத்தைத் தொட்டு, கீழ்ப் பூவிலிருந்து ஆரம்பித்தார். ஒற்றுவார், குச்சியைத் திருப்புவார், அடுத்தது. ஆற்றுச் சத்தம் மட்டும். முகத்தைப் பூவுக்கு ஓர் அங்குலம் தள்ளி வைத்திருந்த மாமிக்கு அந்த நாற்றம் நன்றாகவே வந்திருக்கும். கடைசிப் பூவையும் முடித்தபிறகுதான் முகத்தைத் திருப்பினார். ஒவ்வொரு பூவிலும் மஞ்சளாகப் பொட்டு வைத்ததுபோல இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை அதை மறைக்கத் தோன்றவில்லை.

அதற்குள் அடுத்த சண்டை ஆரம்பித்துவிட்டது. காய் முற்ற மூன்று நான்கு மாதம் ஆகும். விருதுநகர் வெயிலில் அது முடியாது, கல்லாற்று ஈரத்தில் தன்னிடமே இருக்கட்டும் என்றார் ஷைலஜா. ரயிலடிக்குப் பக்கம், கரமனையில் இருக்கட்டும் என்றார் மகாதேவன்.

"நன்னாருக்கே!" என்றார் மாமி. "தலைப்பிரசவம் பொறந்தாத்துலதான். டீச்சர் கூட்டிண்டு போகட்டும்."

ஷைலஜா மரகதத்தின்மேல் மறுபடியும் ஈரத் துண்டைப் போர்த்திக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. கடையில் தண்ணீர் மட்டும் குடித்ததாகச் சொன்னார். மாமி அவரை மோந்து பார்க்காத குறைதான். "தண்ணியில மீன் இருந்துதோ?" என்றார். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் இரண்டு தடவை வாங்கியதை ரயிலில்தான் என்னிடம் ஒத்துக்கொண்டார்.

திரும்பும் பயணத்தில் மரகதத்தை லக்கேஜாகவே பதிவு செய்து, இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் நிறுத்தி, ஆரல்வாய்மொழி வருவதற்கு முன்பே ஜன்னலை இறக்கிவிட்டோம். விருதுநகரில் இறங்கியதும் அனல் முகத்தில் அறைந்தது. குளியலறைக்கு ஈரக் கோணித் திரை போட்டோம். வீட்டுக்காரர் தானாகவே கொல்லைக் குழாயடியில் குளிக்க ஆரம்பித்தார். கர்ப்பிணி இருக்கும் இடத்தில் சோப்பு வாடை ஆகாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்கவேண்டியதில்லை. வாரம் ஒருமுறை கரமனையிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது.

பொங்கல் சமயத்தில் காய்கள் வெடித்தன. உள்ளே தலைமுடித் துண்டுகள் மாதிரி விதைகள். ஈரப்பாசிமேல் தூவிக் கண்ணாடியால் மூடி வைத்தேன். முதலில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் குண்டூசித் தலை அளவில் ஒரு குடுவை, மூடியோடு. என் கையில் முளைத்தவை. வகுப்பில் அன்று நான் யாரையும் திட்டவில்லை.

ஷைலஜாவுக்கும் மகாதேவனுக்கும் படம் அனுப்பினேன். இருவரும் தனித்தனியாக, நாற்றுகளில் பாதி தங்களுக்கு என்று பதில் போட்டார்கள். சாயங்காலம் லலிதா மாமி போன் செய்தார். குரல் ரகசியமாக வந்தது.

"மாமா கோவிலுக்குப் போயிருக்கார். சட்டுன்னு சொல்லிடறேன். எனக்கு ரெண்டு கன்னு அனுப்பு. எனக்காக்கும், அவருக்கில்லை. சமையலறை ஜன்னல்ல வெச்சுப்பேன்."

"மாமா பாத்துடுவாரே, மாமி."

"கறிவேப்பிலைக் கன்னுன்னு சொல்லிடுவேன்."

"கறிவேப்பிலையில குடுவை தொங்குமா?"

"விருதுநகர்க் கறிவேப்பிலை அப்படித்தான்னு சொல்லிக்கறேன். நீ அனுப்பு."